காசநோயும் எச்ஐவியும் சேர்ந்து வந்தால்: முதல் 60 நாளைக் கடப்பது எப்படி

நான் மருந்தாளுநர். நாமக்கல் பக்கம் ஒரு ஏஆர்டி மையத்தில், அதாவது எச்ஐவிக்குக் கூட்டுமருந்து தரும் மையத்தில், பல வருடமாக ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து மாத்திரை கொடுக்கிறேன். டாக்டர் முன்னால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருகிறவர்கள் என் ஜன்னலுக்கு வந்ததும்தான் வாயைத் திறப்பார்கள். "ஏனுங்க அக்கா, ரெண்டுக்கும் ஒரே நாள்ல மருந்து போட்டா ஒடம்பு தாங்குங்களா?" "இதுல எதை முதல்ல முழுங்கறதுங்க?" "லாரில லோடு எப்ப ஏத்தலாமுங்க?" வரிசை நீளும்போது எல்லோருக்கும் முழுசாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அந்தப் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

யாருக்கு என்றால், எச்ஐவி இருக்கிற பெரியவர்களுக்கு, இப்போது டிபியும் இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களுக்கு. அவர்களோடு மாத்திரை வாங்க வரும் மனைவி, அண்ணன், மாமியார் எல்லோருக்கும். குழந்தைகளுக்கு அளவும் மருந்தும் வேறு. அதை இதைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. உங்கள் டாக்டர் உங்களுக்கென்று வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான்.

டிபி பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் கடைசியில் ஒரு கட்டம் உண்டு. குணமடைந்தார், சிகிச்சையை முடித்தார், பலனளிக்கவில்லை, இடையில் விட்டார், இறந்தார். இதில் ஒன்றை ஆறாம் மாதம் எழுதுவார்கள். உலகம் முழுக்க 2023ல் எச்ஐவியோடு டிபியும் இருந்தவர்களில் சுமார் 1,61,000 பேருக்கு முடிவு 'இறந்தார்' என்பதுதான். ஆறாம் மாதம் எழுதினாலும் அந்த முடிவு பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே தீர்மானமாகிவிடுகிறது. இறப்புகளில் பெரும்பங்கு அந்த நாட்களில்தான். அதனால் இந்தக் குறிப்பில் முதல் 60 நாளைப் பற்றி நிறைய இருக்கும், மீதி நாலு மாதத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் இருக்கும்.

முதல் நாளே கேட்டு வாங்க வேண்டியவை

மாத்திரை வாங்கும் முன்னால் உங்களை நிற்க வைத்து நாலு விஷயம் பார்த்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022ல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியபோது வந்த வழக்கம் இது. எடையும் உயரமும், காலில் வீக்கம் இருக்கிறதா, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் எவ்வளவு. கூடவே, யாரையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்றும் பார்ப்பார்கள்.

கணக்கு இப்படி. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை போதுமா என்று காட்டும் எண், 14 அல்லது அதற்குக் கீழே என்றால் அபாயம். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 36 கிலோவுக்குக் கீழே இருந்தால் அந்த வகை. 14க்கு மேல் 16 வரை இருந்தும் இரண்டு காலும் வீங்கியிருந்தால் அதுவும் அபாயம்தான். மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல், அல்லது ஆக்சிஜன் 94க்குக் கீழ், அல்லது தாங்கிப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. இதில் ஒன்று இருந்தாலும் வீட்டுக்குப் போகும் பேச்சே கூடாது, படுக்கையில் சேர வேண்டும்.

"அட்மிசன் போட்டா ஊருக்குத் தெரிஞ்சுருமுங்க" என்பார்கள். புரிகிறது. ஆனால் இந்த நிலையில் வீட்டுக்குப் போனவர்களில் சிலருக்கு அடுத்த மாத மாத்திரையை நான் எடுத்து வைத்தேன், வாங்க ஆள் வரவில்லை. ஊருக்கு என்ன சொல்வது என்பதை ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். நிமோனியா என்று சொன்னால் யாரும் தோண்டிக் கேட்கப்போவதில்லை.

இந்த நாலையும் யாரும் பார்க்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். "எடை போட்டுப் பாருங்க, ஆக்சிஜன் பாருங்க" என்று கேட்பதில் தப்பே கிடையாது.

அடுத்தது சிடி4, அதாவது எதிர்ப்புச் சக்தி எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ரத்த அணு எண்ணிக்கை. 200க்குக் கீழே இருந்தால் இரண்டு சோதனை பற்றி விசாரியுங்கள். ஒன்று சிறுநீரில் பார்க்கும் லாம் சோதனை. சளி வராதவர்களுக்கும், எக்ஸ்ரே சுத்தமாகத் தெரிகிறவர்களுக்கும் டிபியைக் காட்டிக்கொடுப்பது பல நேரம் இதுதான். எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைந்தவர்களிடம் எக்ஸ்ரே ஒன்றுமில்லை என்று சொல்வது சகஜம், அதை நம்பி ஏமாறக் கூடாது. இரண்டாவது, கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சைக்கான ரத்தச் சோதனை. இது ஏன் என்று கீழே வருகிறது.

சளி எடுத்துக் கொடுத்திருந்தால் அதை சிபிநாட் அல்லது ட்ரூநாட் கருவியில் போட்டிருப்பார்கள். டிபி இருக்கிறதா என்பதோடு ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்து அந்தக் கிருமிக்கு வேலை செய்யுமா என்பதையும் அது சொல்லும். வேலை செய்யாது என்று வந்தால் உங்கள் பாதையே வேறு. பெடாக்குவிலின் உள்ள மருந்துத் தொகுப்பு, வேறு கண்காணிப்பு எல்லாம் வரும். இங்கே நான் சொல்வது சாதாரண டிபிக்கு.

எத்தனை மாத்திரை, ஏன் தினமும்

டிபி மாத்திரையில் நாலு மருந்தையும் ஒன்றாக அடக்கியிருக்கிறார்கள்: ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பூட்டால். எத்தனை போட வேண்டும் என்பது உங்கள் எடையைப் பொறுத்தது. 25 முதல் 34 கிலோ வரை 2, 35 முதல் 49 வரை 3, 50 முதல் 64 வரை 4, 65 முதல் 75 வரை 5, அதற்கு மேல் 6. இரண்டு மாதம் இது. அப்புறம் பைரசினமைடு போய் மூன்று மருந்து மாத்திரை நாலு மாதம், எண்ணிக்கை அதே கணக்கில்தான். மூளை, எலும்பு, முதுகுத்தண்டில் டிபி என்றால் இன்னும் நீளும்.

மாதாமாதம் எடை போடச் சொல்வதற்கு ஒரு காரணம் இந்த எண்ணிக்கை. 48 கிலோவில் ஆரம்பித்தவர் 54க்கு வந்துவிட்டால் மாத்திரை மாற வேண்டியிருக்கும். போன மாதச் சீட்டைப் பார்த்தே மருந்து கொடுக்கும் பழக்கம் எல்லா ஜன்னலிலும் உண்டு. எடை கூடியிருந்தால் "எண்ணிக்கை மாறுதா பாருங்க" என்று நீங்களே சொல்லுங்கள்.

பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும், முன்பு பெட்டியில் பெயர் எழுதி வாரம் மூன்று நாள் மட்டும் கொடுப்பார்கள். இப்போது தினமும். எச்ஐவி உள்ளவர்களுக்கு எது சரி என்பதைச் சோதித்துப் பார்த்தது நம் ஊர்க்காரர்கள்தான். சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எச்ஐவியோடு நுரையீரல் டிபியும் இருந்த 331 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்தது. 2018ல் முடிவு வெளிவந்தது. தினமும் மருந்து எடுத்தவர்களில் 91 சதவீதம் பேருக்கு நல்ல முடிவு. முதல் இரண்டு மாதம் தினமும், பிறகு வாரம் மூன்று நாள் என்றவர்களில் 80. ஆரம்பம் முதலே வாரம் மூன்று நாள் என்றவர்களில் 77. ரிஃபாம்பிசின் கேட்காத கிருமி புதிதாக உருவானது அந்தக் கடைசிக் குழுவில்தான். "ஞாயித்துக்கெழம மட்டும் லீவு உடலாங்களா" என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்த மூன்று எண்ணைத்தான் சொல்வேன்.

மாத்திரையை விடியற்காலை வெறும் வயிற்றில் போடுவது நல்லது. வயிற்றைப் பிரட்டினால் இரண்டு இட்லி சாப்பிட்டுப் போடுங்கள். வெறும் வயிற்றில் போட்டு வாந்தி எடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

எச்ஐவி மாத்திரையை எப்போது ஆரம்பிப்பது

ஏற்கெனவே கூட்டுமருந்து சாப்பிட்டு வருகிறவர்கள் நிறுத்தவே கூடாது. டிபி வந்ததும் "முதல்ல இதை முடிச்சுட்டு அதை எடுத்துக்கலாம்" என்று அவர்களாகவே நிறுத்திவிட்டு வருகிற ஆட்கள் உண்டு. இது போல் ஆபத்தான யோசனை வேறில்லை. மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே டிபி வந்திருந்தால் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் எச்ஐவி கிருமி எவ்வளவு என்று, பார்க்கச் சொல்லுங்கள். பழைய மருந்து கேட்காமல் போயிருக்கலாம்.

இரண்டு நோயும் ஒன்றாகத் தெரியவந்தவர்களுக்கு முதலில் டிபி மருந்து. அது உடம்புக்குப் பழகியதும், டிபி மருந்து ஆரம்பித்து இரண்டு வாரத்துக்குள், எச்ஐவி மருந்து. முன்பு எட்டு வாரம் பொறு என்பார்கள். கம்போடியாவில் 661 பேரிடம் செய்த ஆய்வு அந்தப் பேச்சை மாற்றியது. சிடி4 ரொம்பக் குறைந்தவர்கள் அவர்கள். இரண்டு வாரத்தில் எச்ஐவி மருந்து ஆரம்பித்தவர்களில் 18 சதவீதம் பேர் இறந்தார்கள், எட்டு வாரம் காத்திருந்தவர்களில் 27 சதவீதம். 2011ல் இது வெளிவந்தது. நூற்றுக்கு ஒன்பது உயிர் என்பது சின்ன விஷயமா? ஆகவே "டிபி முடியட்டும்" என்று யாராவது சொன்னால், மருத்துவர் ஆனாலும் சரி, ஏன் என்று கேளுங்கள்.

தாமதிக்க ஒரு நியாயமான காரணம் உண்டு. மூளைக்காய்ச்சல். டிபி மூளை உறையில் இருந்தாலோ, மேலே சொன்ன அந்தப் பூஞ்சை இருந்தாலோ, எச்ஐவி மருந்தை அவசரமாக ஆரம்பித்தால் நிலைமை மோசமாகும். நாலு வாரம், சில நேரம் அதற்கும் மேல் தள்ளிப்போடுவார்கள். அதனால்தான் தலைவலியை மறைக்காதீர்கள் என்கிறேன். நாள் கணக்கில் விடாத தலைவலி, கழுத்தைக் குனிய முடியாமை, வெளிச்சத்தைப் பார்த்தால் எரிச்சல், பேச்சில் தடுமாற்றம் இவற்றில் எது இருந்தாலும் எச்ஐவி மாத்திரையின் முதல் டப்பாவைத் திறக்கும் முன் சொல்லிவிட வேண்டும்.

இரவு மாத்திரை

என் ஜன்னலில் அதிகம் தவறிப்போவது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாக.

இப்போது பெரும்பாலானவர்களுக்குக் கொடுப்பது டிஎல்டி. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில், நாளுக்கு ஒன்று. டிபி மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் ஈரலை முடுக்கிவிட்டு டோலுடெக்ராவிரைச் சீக்கிரமாகக் கழித்துவிடும். ரத்தத்தில் மருந்தின் அளவு குறையும். அளவு குறைந்த மருந்தோடு பழகி, அதற்குக் கட்டுப்படாத கிருமி உருவாகலாம். அதற்காக 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் மாத்திரை ஒன்று தனியாகத் தருவார்கள். டிஎல்டி போட்டு 12 மணி நேரம் கழித்து அதைப் போட வேண்டும். காலை 8 மணிக்கு டிஎல்டி என்றால் இரவு 8 மணிக்குத் தனி மாத்திரை.

சிறிய மாத்திரை, தனி டப்பா. "சத்து மாத்திரைன்னு நெனச்சேனுங்க" என்று ஒரு அண்ணன் சொன்னார், பாதி டப்பா அப்படியே இருந்தது. பகலில் போடுகிற மாத்திரைகள் வேறு, இரவுக்கு இந்த ஒன்று மட்டும் என்பதால் மறப்பது சுலபம். டப்பா மூடியில் கொட்டை எழுத்தில் 'இரவு 8' என்று எழுதிக்கொண்டு போங்கள். எழுதத் தயக்கமாக இருந்தால் நிலா படம் போடுங்கள். எங்கள் மையத்தில் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

டிபி மருந்து முடிந்த அன்றே இந்த இரவு மாத்திரையை நிறுத்தக் கூடாது. ரிஃபாம்பிசின் போய்விட்டாலும் ஈரல் பழைய வேகத்துக்குத் திரும்ப நாளாகும். இன்னும் இரண்டு வாரம் சாப்பிட்டுவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். கடைசி மாத மருந்து வாங்கும்போது இதற்கும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

ஜெலுசில் போன்ற வயிற்றெரிச்சல் மருந்தை டோலுடெக்ராவிருக்குப் பக்கத்தில் சாப்பிட்டால் மருந்து உடம்பில் ஏறாது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஜெலுசில் குடிக்கலாம். முதலில் ஜெலுசில் குடித்துவிட்டால் ஆறு மணி நேரம் பொறுத்துத்தான் மாத்திரை. சுண்ணாம்புச்சத்து மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறவர்களுக்கும் இதே இடைவெளி. இல்லையென்றால் சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகளை மட்டும் டோலுடெக்ராவிரோடு சாப்பாட்டு நேரத்தில் சேர்த்துப் போட்டுவிடலாம், அப்போது பிரச்சினை இல்லை; ஜெலுசிலுக்கு இது பொருந்தாது.

இரண்டாம் வரிசை எச்ஐவி மருந்தில் இருப்பவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது. அட்டசனாவிர், லோபினாவிர், ரிட்டோனாவிர் என்ற பெயர்கள் உங்கள் டப்பாவில் இருந்தால் ரிஃபாம்பிசினுக்குப் பதிலாக ரிஃபாபூட்டின் என்ற மருந்து வேண்டும். டிபி மருந்தை எழுதும் டாக்டரிடம் உங்கள் எச்ஐவி மருந்து டப்பாவையே காட்டுங்கள். 'கூட்டுமருந்து சாப்பிடறேன்' என்று வாயால் சொன்னால் போதாது.

வேறு மருந்துகளோடும் ரிஃபாம்பிசின் சண்டை போடும். கருத்தடை மாத்திரை வேலை செய்யாமல் போகும்; காப்பர் டி அல்லது ஆணுறை என்று மாற்றிக்கொள்ளுங்கள். சுகர் மாத்திரையின் வேகம் குறைந்து சுகர் ஏறலாம். இன்னொரு பக்கம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு டோலுடெக்ராவிரால் அதன் அளவு ரத்தத்தில் கூடும், அதனால் அதிக அளவு மெட்ஃபார்மின் வேண்டாம் என்பார்கள். வலிப்பு மருந்து, ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எது எடுத்தாலும் பட்டியலாக எழுதிக் கொண்டு வாருங்கள்.

இவற்றோடு இன்னும் இரண்டு. கோட்ரைமாக்சசோல், எல்லோரும் செப்ட்ரான் என்பார்கள், தினமும் ஒன்று. டிபிக்கு இது மருந்தல்ல, ஆனால் வேறு தொற்றுகள் உயிரை எடுக்காமல் காக்கிறது. இதனால் உடம்பில் தடிப்பு வந்தால் காட்டுங்கள். அப்புறம் பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6. ஐசோனியசிட் கை கால் நரம்பைக் கெடுக்காமல் இருக்க.

எதைப் பொறுக்கலாம், எதற்கு ஓடி வர வேண்டும்

சிறுநீர், கண்ணீர், வியர்வை எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் போகும். வெள்ளை பனியனிலும் கறை பிடிக்கும். பயப்பட ஒன்றுமில்லை, மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று எனக்கு நம்பிக்கை கொடுப்பதே இந்த நிறம்தான். மூட்டு வலி பைரசினமைடால் வரலாம், சொன்னால் மாத்திரை தருவார்கள். பாதம் திகுதிகு என்று எரிந்தால் பி6 அளவைக் கூட்டுவார்கள்.

கண் மஞ்சளாவது, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல், வலது விலாவுக்குக் கீழே வலி, அடக்க முடியாத வாந்தி என்றால் அன்றைக்கே வர வேண்டும். அடுத்த மாத்திரை போடும் முன். ஈரல் தாங்கவில்லை என்று அர்த்தம். டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்தி, ரத்தம் பார்த்து, ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பிப்பார். மஞ்சள் காமாலைக்கு நாட்டு மருந்து வாங்கிக் குடித்துவிட்டு வருவதும், டாஸ்மாக்கில் 'ஒரு குவாட்டர்தானே' என்று போடுவதும் ஏற்கெனவே சுமை தாங்கும் ஈரலின் மேல் இன்னொரு மூட்டையை ஏற்றுவது போல.

பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ எத்தாம்பூட்டாலை நிறுத்த வேண்டியிருக்கும். லாரி ஓட்டுகிறவர்கள் இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. உடம்பெல்லாம் தடித்து, வாய்க்குள் புண், கண் சிவப்பு என்று சேர்ந்து வந்தால் வண்டி பிடித்தாவது வாருங்கள்.

நல்லாகி வரும்போது மோசமாவது

எச்ஐவி மருந்து ஆரம்பித்த சில வாரத்தில், அதுவரை குறைந்துகொண்டிருந்த காய்ச்சல் திரும்ப அடிக்கும். கழுத்துக் கட்டி பெரிதாகும், சில நேரம் உடைந்து சீழ் வரும். இருமல் கூடும். குடும்பமே "இந்த மருந்து ஒத்துக்கலீங்க" என்று முடிவு கட்டும் நேரம் அது. நிறையப் பேர் இரண்டு மருந்தையும் நிறுத்துவது இங்கேதான். பதிவேட்டில் 'இடையில் விட்டார்' என்று எழுதப்படுகிற பெயர்களில் சில இப்படி வந்தவைதான்.

நடப்பது என்னவென்றால், எச்ஐவி மருந்தால் எதிர்ப்புச் சக்தி திரும்பி வருகிறது. இத்தனை நாள் கண்டுகொள்ளாமல் விட்ட டிபி கிருமியோடு அது இப்போது மோதுகிறது. அந்த மோதலின் வீக்கம்தான் இது. மருத்துவர்கள் ஐரிஸ் என்பார்கள். சிடி4 குறைவாக இருந்தவர்களுக்கும் எச்ஐவி மருந்தைச் சீக்கிரம் ஆரம்பித்தவர்களுக்கும் அதிகம் வரும். அந்தக் கம்போடிய ஆய்விலும் இரண்டு வாரத்தில் ஆரம்பித்தவர்களுக்குத்தான் இது அதிகம் வந்தது. ஆனாலும் இறந்தவர்கள் அவர்களில் குறைவு. இந்த ஒரு வரியை வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள்.

செய்ய வேண்டியது: மருந்தை நிறுத்தாமல் மையத்துக்கு வருவது. டிபி மருந்து கேட்காத கிருமியா, வேறு தொற்றா என்று பார்த்துவிட்டு, ஐரிஸ்தான் என்றால் வீக்கம் குறைய பிரட்னிசலோன் போன்ற மருந்து தருவார்கள். மூச்சு வாங்கினாலோ, தலைவலியோடு மயக்கம் வந்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

முட்டை ஊரில் பட்டினி

நாடு பூராவும் முட்டை அனுப்புகிற ஊர் இது. ஆனால் என் ஜன்னலுக்கு வருகிறவர்களின் எடையைப் பார்த்தால் நம்ப முடியாது.

ஜார்கண்டில் டிபி நோயாளிகளுக்கு மருந்தோடு மாதாமாதம் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2023ல் வெளிவந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடம் இறப்பு ஏறக்குறைய 60 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்பது 2 கிலோ. அதுதான் உங்கள் இலக்கு: இரண்டாம் மாதக் கடைசியில் தராசில் 2 கிலோவாவது கூட வேண்டும். கூடவில்லை என்றால் மருந்து சரியாகப் போகவில்லையா, சாப்பாடு போதவில்லையா, வேறு நோய் இருக்கிறதா என்று கேட்க வேண்டிய நேரம் அது.

நிக்ஷய் போஷன் திட்டத்தில் சிகிச்சை நடக்கும்வரை மாதம் 1000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பருக்கு முன்பு 500 ஆக இருந்தது. கணக்கு எண் பதிவாகியிருக்கிறதா என்று டிபி பணியாளரிடம் முதல் வாரத்திலேயே கேளுங்கள். பழைய, மூடிப்போன கணக்கைக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். வந்த பணத்தில் புரோட்டீன் பவுடர் டப்பா வாங்காதீர்கள். ஒரு டப்பா விலைக்கு எத்தனை முட்டை, எத்தனை கிலோ கடலை, பாசிப்பயறு வருமென்று கணக்குப் போடுங்கள். நாளைக்கு இரண்டு முட்டை, ஒரு கை நிலக்கடலை, சோற்றில் பருப்பைக் கெட்டியாக. வாய்ப்புண்ணால் சாப்பிட முடியவில்லை என்றால் சகித்துக்கொண்டிருக்காமல் காட்டுங்கள். பெரும்பாலும் அது பூஞ்சை, மருந்து உண்டு.

லோடு, மில், வீடு

வேலைக்கு எப்போது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. மருந்து ஆரம்பித்த இரண்டு வாரத்தில் பொதுவாக மற்றவர்களுக்குப் பரப்பும் அபாயம் வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது.

லாரியில் லைனுக்குப் போகிறவர்கள் போகிற நாளுக்கும் மேலே ஒரு வாரத்துக்குச் சேர்த்து மாத்திரை வாங்குங்கள். மாத்திரையை டேஷ்போர்டில் வெயில்படும்படி வைக்காதீர்கள். வழியில் தீர்ந்துவிட்டால் ஏஆர்டி புத்தகத்தைக் காட்டி எந்த ஊர் அரசு ஏஆர்டி மையத்திலும் கேளுங்கள். டிபி மருந்துக்கு நிக்ஷய் எண் போதும், நாட்டில் எங்கே இருந்தாலும் அந்த எண்ணில் உங்கள் பதிவு தெரியும். ஆகவே அந்த எண்ணை போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் எச்ஐவிக்கு 1097, டிபிக்கு 1800-11-6666, இரண்டும் இலவசம்.

ஒரு வேளை மறந்தால், ஞாபகம் வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் போடுங்கள், இரண்டாகச் சேர்த்து வேண்டாம்.

மில் விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்கள் மாத்திரையை மறைப்பதிலேயே பாதி சக்தியைச் செலவழிக்கிறார்கள். டிபி இருக்கிறது என்று வார்டனிடம் சொல்வது நல்லது, கூட இருப்பவர்களையும் பரிசோதிக்க வேண்டும். எச்ஐவி பற்றிச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 2017ல் வந்து 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவருடைய எச்ஐவி நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதையும், அதைக் காரணம் காட்டி வேலையைவிட்டு எடுப்பதையும் தடுக்கிறது. சட்டம் இருப்பதும் அது கைக்கு வருவதும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சட்டம் இருக்கிறது என்று தெரிந்து பேசும் குரல் வேறு மாதிரி இருக்கும்.

வீட்டில் இருக்கிற எல்லோரையும் டிபிக்குப் பாருங்கள். ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால், அதற்கு டிபி இல்லை என்று உறுதியானதும் தடுப்பு மருந்து கேளுங்கள். துணைவருக்கு எச்ஐவி சோதனை இன்னும் செய்யவில்லை என்றால் நம்பிக்கை மையத்தில் செய்துகொள்ளலாம்.

இரண்டாம் மாதத்துக்குப் பிறகு

இரண்டு மாதம் முடிந்ததும் சளி பரிசோதனை. சளியே வரவில்லை என்றால் அப்படியே சொல்லுங்கள், எச்சிலைத் துப்பிக் கொடுக்காதீர்கள். இன்னும் கிருமி தெரிகிறது என்றால் மருந்து எதிர்ப்பு இருக்கிறதா என்று திரும்பப் பார்ப்பார்கள்.

மூன்றாம், நாலாம் மாதத்தில் ஆபத்து வேறு வேடத்தில் வரும்: உடம்பு தேறிவிடும். எடை கூடி, முகம் தெளிந்து, இருமல் போன பிறகு மாத்திரை மட்டும்தான் நோயை ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கும். அதனாலேயே அதை வெறுத்து விடுகிறவர்கள் உண்டு. வாங்கும் நாளில் வராதவர்களுக்கு நான் போன் அடிப்பேன். எடுத்துப் பேசுங்கள், திட்ட மாட்டேன்.

ஆறாம் மாதம் கடைசிச் சளி பரிசோதனை செய்து கட்டத்தில் முடிவு எழுதுவார்கள். அப்புறம் எச்ஐவி மருந்தும், டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை செப்ட்ரானும் தொடரும். இரவு மாத்திரை இன்னும் இரண்டு வாரம். திரும்ப டிபி வராமல் இருக்க ஐசோனியசிட் தடுப்பு மருந்து உங்களுக்கு வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 6, 12, 18, 24ஆம் மாதங்களில் ஒருமுறை வந்து பார்க்கச் சொல்வார்கள். இடையில் இருமல், காய்ச்சல், எடை குறைதல், ராத்திரி வியர்வை இந்த நாலில் ஒன்று வந்தாலும், ஒரே நாள் இருமல்தான் என்றாலும், தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

மீதமான டிபி மாத்திரைகளைத் திருப்பிக் கொண்டு வந்து கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு இருமல் என்று நாலு அட்டையைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவரை சளி டப்பா வாங்க அனுப்புங்கள்.